கடைசிப் பதினாறு பக்கம்

1

என் அக்கா எமிலிக்கும் மாமா செங்கோடனுக்கும் கல்யாணமாகி இந்தச் சித்திரையோடு நாற்பது வருடம் ஆகிறது. அவர்கள் ஏற்காடு மலையில், மஞ்சக்குட்டையில் இருக்கிறார்கள். நான் நார்வே நாட்டில், பெர்கன் என்ற ஊரில், ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். வருடத்தில் முக்கால்வாசி நாள் இங்கே மழை. மீதி நாட்களில் மழை வருமா என்று பார்த்துக்கொண்டிருப்போம். மலையும் மூடுபனியும் வேறு உண்டு. ஆகவே, ஊரை விட்டு வந்துவிட்டோமே என்று மழையைப் பார்த்து உருகுகிற வாய்ப்பு எனக்குக் கிடைத்ததே இல்லை.

நாற்பதாவது கல்யாண நாளுக்கு என்ன அனுப்புவது என்று யோசித்தேன். சேலை அனுப்பினால் "பீரோவுல எடமில்லடி" என்பாள். சாக்லேட் அனுப்பினால் மாமாவுக்குச் சர்க்கரை. இரண்டு பேருக்கும் பொதுவாகப் பிடித்தது ஒன்றே ஒன்று, துப்பறியும் நாவல். அதையே வாங்கிவிடலாம் என்று கணினியில் உட்கார்ந்து, பெரிய கடை ஒன்றில் புதிதாக வந்த நாவலை மின்புத்தகமாக வாங்கினேன். அக்காவிடம் இப்போது ஒரு டேப்லெட் இருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு இருவரும் படிப்பார்கள்.

வாங்கியது என்னிடம் திறந்தது. அக்காவுக்கு அனுப்பினால் திறக்கவில்லை.

கடையின் உதவியாளரிடம் எழுதிக் கேட்டேன். அவர் மரியாதை தெரிந்தவர். புத்தகம் என் கணக்கில் இருக்கிறது என்றார். அக்கா வேறு நாட்டில் இருப்பதால் அந்தக் கணக்கு அங்கே போகாது என்றார். குடும்பத்தோடு பகிர்ந்துகொள்ளும் வசதி உண்டு, ஆனால் குடும்பம் என்றால் ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள் என்றார். அதற்கு ஒரு படிவம் அனுப்பினார். அதில் அக்கா என்ற உறவே இல்லை. 'மற்றவை' என்று ஒரு கட்டம் இருந்தது.

"சரி, அவர்களே வாங்கினால் கணவன் மனைவி இரண்டு பேரும் சேர்ந்து படிக்கலாமா?" என்று கேட்டேன்.

அவர் சற்று நேரம் போய்விட்டுத் திரும்பி வந்தார். "சேர்ந்து என்றால் எந்த அர்த்தத்தில் கேட்கிறீர்கள்?"

"பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து."

"அதைப் பற்றி எங்கள் விதிகளில் எதுவும் இல்லை, அம்மா."

"அப்படியானால் நான் வாங்கியது என்ன? புத்தகம் இல்லையா?"

"நீங்கள் வாங்கியது புத்தகத்தைப் படிப்பதற்கான அனுமதி."

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். இந்தப் பதிலை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. சொன்னவர் ஏற்காடு பஜாரில் வாடகை நூலகம் வைத்திருந்த மாசிலாமணி.

2

எண்பதுகளின் தொடக்கம். அப்பா கொட்டச்சேட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். ஆட்கள் வருகை எழுதுவது, தபால் பார்ப்பது, துரை போல உடுத்தினாலும் துரையில்லை என்பதை மறக்காமல் இருப்பது, இவைதான் அவர் வேலை. நான் தினமும் பஸ் ஏறி ஏற்காட்டுக்குப் பள்ளிக்கூடம் போய்வந்தேன். அக்கா படிப்பை முடித்துவிட்டு எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் பால் காய்ச்சிக் கொடுத்து, பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருபது வயது.

மாசிலாமணி அதற்கு முன்பு ஒரு பஸ் கம்பெனியில் டிக்கெட் செக்கராக இருந்தவர். வேலையை விட்டுவிட்டார், பார்வையை விடவில்லை. கடைக்குள் நுழைகிறவர் யாரானாலும் முதலில் கையைத்தான் பார்ப்பார். அவருடைய நூலகத்தில் முந்நூறு புத்தகம் இருந்திருக்கும். பெரும்பாலும் கொலை. மிச்சம் காதல்.

அவருக்கு ஒரு மனக்குறை. ஒருவர் புத்தகத்தை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கொட்டச்சேட்டுக்கோ மஞ்சக்குட்டைக்கோ போனால், அது திரும்பி வருவதற்குள் வரிசையாகப் பத்து வீடு ஏறி இறங்கிவிடும்.

"ஒரே டிக்கெட்டுல பதினோரு பேரு ஏறறாங்க கண்ணு. பஸ்ஸா இருந்தா எறக்கி உட்ருவேன். புஸ்தகத்துல எப்படி எறக்கறது?" என்று என்னிடம் ஒருமுறை கேட்டார்.

இறக்குவதற்கு அவர் கண்டுபிடித்த வழி இது. புத்தகங்களைப் பதினாறு பதினாறு பக்கமாக மடித்துத்தான் தைப்பார்கள். மாசிலாமணி ஒரு பிளேடை எடுத்து, ஒவ்வொரு நாவலிலும் கடைசிப் பதினாறு பக்கத்தை அறுத்துத் தனியே எடுத்துவிட்டார். அவற்றைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே புத்தகத்தின் பேரை எழுதி, ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் அடுக்கிப் பூட்டுப் போட்டார். புத்தகத்தை எடுத்துப் போகலாம், முக்கால்வாசி படிக்கலாம். முடிவு வேண்டுமென்றால் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவர் கண் முன்னால், கடை பெஞ்சில் உட்கார்ந்து படித்துவிட்டுப் போக வேண்டும். வாடகை எடுத்தவருக்கு மட்டும்.

நான் முதல் முறை அதைக் கேட்டதும், "புஸ்தகத்த எடுத்தா முழுசா எடுத்த மாதிரிதானுங்களே?" என்றேன்.

"நீ எடுத்தது புஸ்தகம் இல்ல கண்ணு. படிக்கறதுக்குப் பர்மிசன்."

அக்காவுக்கு பஜாருக்கு வர அனுமதி கிடையாது. கல்யாணத்துக்கு இருக்கிற பெண் பஸ் ஸ்டாண்டில் நிற்கக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். அதனால் நான்தான் புத்தகத்தைக் கொண்டுபோவேன். பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி, பெஞ்சில் உட்கார்ந்து, முடிவைப் படித்து, மனப்பாடம் செய்து, நாலரை மணி பஸ்ஸில் ஏறி, வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொல்வேன். அக்கா குழாயடியில் மற்றவர்களிடம் சொல்வாள். பதினோரு பேரும் நான் கொண்டுவருகிற முடிவுக்காகக் காத்திருப்பார்கள். அந்த வயதில் அப்படி ஒரு அந்தஸ்து எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை. பிறகும் கிடைத்ததில்லை.

ஒரு நாள் ஒன்பதாவது பக்கத்தில் இருக்கும்போதே பஸ் ஹாரன் அடித்துவிட்டது. அந்தப் பதினாறு பக்கக் கட்டைப் பெஞ்சிலேயே போட்டுவிட்டு ஓடினேன். கொட்டச்சேடு வந்து இறங்கும்போது கொலைகாரன் யார் என்று எனக்குத் தெரியாது. குழாயடியில் எல்லோரும் நிற்கிறார்கள். "டாக்டர்" என்றேன். அந்த டாக்டர் தங்க பிரேம் கண்ணாடி போட்டிருந்தார். முதல் அத்தியாயத்திலிருந்தே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. எப்படிக் கொன்றார் என்று கேட்டார்கள். விவரமாகச் சொன்னேன். யாருக்கும் சந்தேகமே வரவில்லை. "அப்பவே நெனச்சேன்" என்றுகூட ஒரு அம்மாள் சொன்னார்.

ருசி கண்டுவிட்டது. அடுத்த இரண்டு புத்தகத்துக்கும் பெஞ்சுக்கே போகவில்லை. தின்பண்டம் வாங்கித் தின்றுவிட்டு, பஸ்ஸில் வரும்போது முடிவை யோசித்துக்கொண்டேன்.

மாட்டிக்கொண்டது என் தப்பால் அல்ல, அப்பாவால். அவர் எஸ்டேட் தபாலைப் போட பஜாருக்குப் போனவர், மாசிலாமணியின் கடை முன்னால் நின்று, பேச்சுவாக்கில், "படிச்ச டாக்டரு இப்படி ஒரு காரியம் பண்ணுவான்னு நான் நெனைக்கவே இல்லை" என்றிருக்கிறார்.

"எந்த டாக்டருங்க?" என்று கேட்ட மாசிலாமணி, டின்னைத் திறந்து கட்டை எடுத்து அவர் கையில் கொடுத்திருக்கிறார். கொன்றவன் செத்தவனுடைய மைத்துனன்.

அன்று சாயந்திரம் அப்பா என்னைக் கூப்பிட்டார். அடி நிச்சயம் என்று நினைத்தேன்.

"மத்த ரெண்டு புஸ்தகத்துலயும் நீ சொன்னது?"

தரையைப் பார்த்தேன்.

"அப்ப மூணு வாரமா நான் தப்புத் தப்பா நெனச்சுக்கிட்டு இருந்திருக்கறேன்" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, நீங்களுமா அதைப் படிக்கறீங்க?"

எஸ்டேட் ஆபீஸில் வருகைப் பதிவேட்டுக்குள் நாவலை வைத்துப் படித்துக்கொண்டிருந்த ரைட்டர், தொண்டையைச் செருமிக்கொண்டு, "புள்ளைக என்ன படிக்குதுன்னு பாக்க வேண்டாமா?" என்றார். பிறகு தீர்ப்புச் சொன்னார். "இனிமேப்பட்டு பெரியவ போகட்டும். சனிக்கெழமை, பகல்ல. இவளைத் துணைக்குக் கூட்டிக்கிட்டு. பதினாறு பக்கத்தையும் ஒழுங்காப் படிச்சுட்டு வந்து சொல்லணும்."

இந்தத் தீர்ப்பை அப்பாவே வழங்கினார் என்பதைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு அவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

3

இங்கே வந்த புதிதில் எனக்கு நூலகம் என்றாலே பயம். காரணம் மாசிலாமணி அல்ல, நார்வே மொழி. அதில் 'லெஸ்ட்' என்றால் படித்தாயிற்று. 'லோஸ்ட்' என்றால் பூட்டியாயிற்று. மொழி வகுப்பில் வாரம் ஒரு புத்தகம் படித்து, நூலகரிடம் அதைப் பற்றி இரண்டு வாக்கியம் பேச வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான் போய், "இந்தப் புத்தகத்தை இரண்டே நாளில் பூட்டிவிட்டேன். மிகவும் நன்றாக இருந்தது. என் கணவரும் பூட்ட விரும்புகிறார்" என்றேன்.

நூலகர் நல்ல பெண்மணி. புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "சாவி உங்களிடம் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார்.

இதை வீட்டில் சொல்லும்போதெல்லாம் என் மகள் லீனா சிரிப்பாள். அவளுக்குப் பதினேழு வயது. பிறந்தது இங்கேதான். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் நார்வே மொழியில் பதில் சொல்வாள். வீட்டில் நடக்கிற பேச்சைப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால், டெலிபோனில் இரண்டு வேறு ஆட்களிடம் பேசுகிறோம் என்று நினைத்துக்கொள்வார். தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்க நானும் முயன்றேன். 'ழ'கரம் வரை வந்து, "இது எழுத்தில்லை அம்மா, சுருண்ட மண்புழு" என்று எழுந்துபோய்விட்டாள். ஊருக்குப் பேசினால் பெரியம்மாவுக்கு ஒரு 'ஹை' சொல்லிவிட்டு என் கையில் போனைத் திணித்துவிடுவாள். வருத்தம்தான். மழையில் நனைந்து வேலையிலிருந்து வருகிற நாட்களில் அது கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். ஆனால் வருத்தப்படுகிறேன் என்று அவளிடம் சொல்வதற்குச் சரியான வார்த்தை எனக்கு அவள் மொழியில் தெரியாது, அவளுக்கு என் மொழியில் தெரியாது.

4

முதல் சனிக்கிழமை நானும் அக்காவும் கடைக்குப் போனபோது பெஞ்சில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். மஞ்சக்குட்டையில் கமலா ஆரஞ்சும் காப்பியும் போட்டிருந்த குடும்பத்துப் பிள்ளை, செங்கோடன். இருபத்து நாலு வயது. முந்தின வாரம் மழையில் ரோடு சரிந்து வர முடியாமல், படித்த புத்தகத்தை ஜீப் டிரைவரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அதே புத்தகத்தைத்தான் நான் எடுத்துப்போய் அக்காவிடம் கொடுத்திருந்தேன். இப்போது அவரும் முடிவு கேட்கிறார், அக்காவும் முடிவு கேட்கிறாள். கட்டு ஒன்றுதான்.

மாசிலாமணிக்கு இது சட்டச் சிக்கல். இரண்டு பேரிடமும் டிக்கெட் இருக்கிறது. நெற்றியைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"அம்மணி, நீங்க பெஞ்சுல இந்தப் பக்கம். தம்பி அந்தப் பக்கம். நடுவுல இந்தப் பாப்பா மடியில வெச்சுப் புடிச்சுக்கட்டும்."

அப்படியாக நான் புத்தக ஸ்டாண்ட் ஆனேன். இரண்டு தலைகளும் இரண்டு பக்கமிருந்தும் என் மடியைப் பார்த்துக் குனிந்தன. அவர் வேகமாகப் படிப்பவர். பக்கம் முடிந்ததும், "ஏனுங்க, திருப்பலாமுங்களா?" என்று கேட்டார்.

"இருங்க" என்றாள் அக்கா.

இருந்தார்.

"ம்" என்றாள். திருப்பினேன்.

அவர்கள் அன்று பேசிக்கொண்டது இவ்வளவுதான். பதினாறு பக்கத்துக்கு எட்டுத் தடவை "திருப்பலாமுங்களா", எட்டுத் தடவை "இருங்க", எட்டுத் தடவை "ம்". இதில் என்ன இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. கழுத்து வலித்ததுதான் தெரியும்.

அடுத்த சனிக்கிழமையும் அவர் இருந்தார். அதற்கடுத்த வாரமும். ஒவ்வொரு வாரமும் ரோடு சரியாது என்று எனக்கே புரிய ஆரம்பித்தது. விஷயம் பிறகு தெரிந்தது. அவர் ஒரு புத்தகத்தை எடுப்பார், படிப்பார், முடிவைப் படிக்காமல் வேண்டுமென்றே ஜீப்பில் திருப்பி அனுப்பிவிடுவார். மஞ்சக்குட்டையிலிருந்து என்ன புத்தகம் திரும்பி வந்தது என்று கேட்டு அக்கா அதையே எடுத்துவரச் சொல்லுவாள். அந்த வார முடிவில் இருவருக்கும் ஒரே கட்டு வேண்டியிருக்கும். மாசிலாமணியின் பூட்டுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த வாசகர்கள் வேறு யாரும் இல்லை.

நாலாவது புத்தகத்தில் என்னைப் பெஞ்சின் ஓரத்துக்கு மாற்றினார்கள். என் மடிக்குப் பதிலாக அக்கா கட்டைக் கையில் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சனிக்கிழமைதோறும் இரண்டு ஆரஞ்சு வந்தது. நான் உரித்துத் தின்றுகொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எட்டாவது புத்தகத்தில் அந்தப் பதினாறு பக்கத்தைப் படிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

மாசிலாமணி பொறுத்துப் பார்த்தார். "ஏங் கண்ணு, கொலகாரன் யாருன்னு இன்னுமா தெரியல?"

"தெரிஞ்சுதுங்க" என்றாள் அக்கா, நிமிராமல். "ஏன் பண்ணுனான்னுதான் புரியல."

பதினோராவது புத்தகம் ஒரு நல்ல கதை. தொல்லை அதனால்தான் வந்தது. அப்பாவுக்குச் சாயந்திரம் வரை காத்திருக்க முடியவில்லை. சனிக்கிழமை அரை நாள் ஆபீஸை முடித்துக்கொண்டு, எஸ்டேட் ஜீப்பில் தொற்றிக்கொண்டு, நேரே மாசிலாமணியின் கடைக்கு வந்துவிட்டார்.

நான் பார்த்துவிட்டேன். வாயில் ஆரஞ்சுச் சுளை இருந்தது. கத்த முடியவில்லை.

அப்பா வாசலில் நின்றார். ஒரே தாளுக்கு மேல் இரண்டு தலைகள். அக்கா நிமிர்ந்து பார்த்து அப்படியே உறைந்துவிட்டாள். செங்கோடன் எழுந்து நின்றார்.

மாசிலாமணிதான் பேசினார். "வாங்க ரைட்டரய்யா. உங்களுக்கும் இதே கட்டுத்தானுங்களா?"

அப்பா நடந்துவந்து, செங்கோடன் எழுந்த இடத்தில் உட்கார்ந்தார். அக்காவின் கையிலிருந்த தாள்களை வாங்கினார். முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். ஒரு பக்கம் முடிந்ததும், பக்கத்தில் இன்னொருவரும் படிக்கிறாரே என்ற மரியாதையில், அக்காவைப் பார்த்துத் தன்னை மறந்து, "திருப்பலாமா?" என்று கேட்டார்.

அக்கா அழுதுவிட்டாள்.

அவர் பதினாறு பக்கத்தையும் படித்து முடித்தார். மடித்துக் கொடுத்தார். "போலாம் வா" என்றார். வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றிய பிறகுதான் கேட்டார்.

"எத்தன நாளா?"

அக்கா யோசித்தாள். நாளாக அவள் கணக்கு வைத்திருக்கவில்லை.

"பதினோரு புஸ்தகமா" என்றாள்.

5

நூலகம் நின்றது. சனிக்கிழமை நின்றது. சேலத்தில் ஒரு வாத்தியார் மாப்பிள்ளை, நல்ல ஜெபக் குடும்பம் என்று பேச்சு ஆரம்பித்தது. அக்கா சண்டை போடவில்லை, பட்டினி கிடக்கவில்லை. காப்பகத்துக்குப் போனாள், வந்தாள். படிப்பதை மட்டும் விட்டுவிட்டாள். பழைய பத்திரிகை மடித்த பொட்டலத்தைப் பிரித்தால்கூட அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் போட்டாள். பொட்டலக் காகிதத்தைப் படிக்காத எமிலியை எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. அப்பா அதைக் கவனித்தார் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் வேண்டுமென்றே நல்ல செய்தி இருக்கிற தாளாகப் பார்த்து அவள் பக்கம் தள்ளிவைப்பார்.

எனக்கும் பயமாக இருந்தது. அந்த டாக்டரைக் கொலைகாரனாக்கியது நான். அங்கிருந்துதான் எல்லாம் வந்தது. இதை அம்மாவிடம் சொல்லி அழுதேன். "உன்ற டாக்டரு இல்லீன்னா வேற ஒண்ணு வந்திருக்கும், போயிப் படி" என்றாள்.

ஆறு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மாசிலாமணி எங்கள் வீட்டுக்கு வந்தார். கடையைச் சனிக்கிழமை மூடி அவரை யாரும் கண்டதில்லை. தோளில் ஒரு சாக்கு. அதைத் தரையில் வைத்து, நாலைந்து நாவல்களை எடுத்து அப்பா முன்னால் வைத்தார். எல்லாவற்றிலும் கடைசிப் பதினாறு பக்கத்தைச் சாக்குத் தைக்கிற நூலால் திரும்பத் தைத்திருந்தார்.

"என்ற டின்னு பண்ணுன வேலைங்க இது. முந்நூறையும் தெச்சுட்டனுங்க."

அப்பா ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "இப்பத் தெச்சு என்ன பண்றது மாசிலாமணி?"

"அதுவும் சரிதானுங்க." வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். "கீழ ஜீப்புல ஒரு ஆளு இருக்கறாருங்க. வரச் சொல்லட்டுங்களா?"

அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை.

செங்கோடன் வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார். அப்பா கேள்வி கேட்டார். அக்கா கதவுக்குப் பின்னால், நான் அக்காவுக்குப் பின்னால்.

"உங்க சாமி வேற, எங்க சாமி வேற."

"ஆமாங்க. அவங்க மாற வேண்டாமுங்க. நானும் மாறலீங்க."

"உங்க ஊட்டுல?"

"அப்பா ஒரு காட்டைக் காமிச்சு, ஊடு கட்டிக்கன்னுட்டாருங்க. அம்மா பேசறதில்லீங்க."

"நீ அந்தக் கடைக்கு எதுக்குப் போன?"

"கதைக்குத்தானுங்க."

"அப்பறம்?"

"அப்பறமும் கதைதானுங்க. ஆனா தனியாப் படிச்சா நல்லா இல்லீங்க."

அப்போது அம்மா காப்பி டம்ளர்களோடு வந்தாள். அம்மா நாவல் படிப்பவள் அல்ல, அதிகம் பேசுபவளும் அல்ல.

"ஏனுங்க, நாம ரெண்டு பேரும் ஒரு காலண்டரைச் சேந்து பாத்தாக்கூடச் சண்டை வருது. இவங்க பதினோரு புஸ்தகம் படிச்சிருக்கறாங்க" என்றாள். காப்பியைச் செங்கோடனிடம் முதலில் கொடுத்தாள்.

சேலத்தில் பதிவுத் திருமணம். அதற்கு முன்பு ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம் என்று முப்பது நாள் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். மலையிலிருந்து காரியமாகச் சேலத்துக்கு இறங்கிய அத்தனை பேரும் அதைப் படித்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்கள். சபையில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், பிறகு ஆரஞ்சுக் காலத்தில் திரும்பினார்கள். பேசாதிருந்த மாமியார் ஒரு வருடம் கழித்து, காப்பிப் பழம் பறிக்கும்போது அக்காவிடம் முதல் வார்த்தை பேசினார். "கூடைய நேராப் புடி கண்ணு."

மாசிலாமணியின் கடை, அவர் பயந்தபடி மூடிப்போகவில்லை. ஒரு டிக்கெட்டில் பதினோரு பேர் படித்தார்கள், உண்மைதான். அவர்களில் சிலர் அடுத்த புத்தகத்தைத் தாங்களே எடுக்க அவரிடம் வந்தார்கள். எப்படியோ டி.வி. வரும்வரை நடத்தினார். பல வருடம் கழித்து நான் விசா வாங்கிக்கொண்டு கிளம்பும்போது சொல்லிக்கொள்ளப் போனேன். "பூட்டு இல்லாமயும் நடந்துச்சு பாத்தீங்களா?" என்று சீண்டினேன்.

"நடந்துச்சு கண்ணு. ஆனா வாரத்துக்கு நாலு நாளு ராத்திரி நோட்டப் பொரட்டிக்கிட்டே இருப்பேன். யாரு திருப்பித் தருவாங்க, யாரு தரமாட்டாங்கன்னு" என்றார். அவர் சிரிக்கவில்லை. அவர் பக்கத்து நியாயம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

6

பெரிய கடையின் உதவியாளர் உரையாடலை முடித்துக்கொண்டு, தன் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பேன் என்று கேட்டார். அவர் மேல் என்ன தப்பு? ஐந்தும் கொடுத்தேன்.

அப்புறம் தேடியதில், தமிழ்நாட்டிலேயே ஒரு சின்னப் பதிப்பகம் பூட்டில்லாத மின்புத்தகம் விற்பதைக் கண்டுபிடித்தேன். வாங்குகிற இடத்தில் ஒரு குறிப்பு இருந்தது. 'இந்தக் கோப்புக்குப் பூட்டு கிடையாது. எந்தக் கருவியிலும் திறக்கும், உங்களிடமே இருக்கும். எழுதியவர் இதை வைத்துத்தான் வாழ்கிறார். மற்றபடி உங்கள் இஷ்டம்.'

படித்ததும் எனக்கு மாசிலாமணி நினைவுக்கு வந்தார். பூட்டிய கடையை எதிர்த்துச் சண்டை போடுவது சுலபம். சாவியைக் கையில் கொடுத்துவிட்டு ஒருவர் உள்ளே போய்விட்டால், நாம் யார் என்று நமக்கே தெரிந்துவிடுகிறது. ஒரு துப்பறியும் நாவல் வாங்கி அக்காவுக்கு அனுப்பினேன். அவளை நான் அறிவேன். உடனே போன் செய்தேன்.

"அக்கா, இது ஊர் பூராவும் அனுப்பறதுக்கு இல்ல."

"உங்க மாமனுக்கு?"

"மாமாவுக்கு உண்டு. பரிசே ரெண்டு பேருக்கும்தானே."

"எதுத்த ஊட்டு சரோசா கேட்டா?"

"வாங்கிக்கச் சொல்லு."

"நொம்பக் கண்டிசன் போடற நீ. மாசிலாமணியே தேவலாம்" என்றாள். ஆனால் பத்து நாள் கழித்து அவளே சொன்னாள். மூன்று பேர் கேட்டார்களாம். மூன்று பேருக்கும் அந்தப் பதிப்பகத்தில் வாங்குவது எப்படி என்று மாமா உட்கார்ந்து காட்டிக்கொடுத்தாராம். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னாள்.

இங்கே வேறொன்று நடந்தது. மேசையில் திறந்திருந்த கோப்பை லீனா பார்த்தாள். "இது பூட்டாததா? அப்படியானால் இதை என்ன வேண்டுமானாலும் செய்யலாமே" என்று அவள் மொழியில் சொன்னாள். அரை மணி நேரம் ஏதோ தட்டினாள். தமிழ் எழுத்துகள் எல்லாம் அவளுக்குத் தெரிந்த எழுத்துகளாக மாறிவிட்டன. 'மண்புழு' போய்விட்டது. உரக்கப் படித்துப் பார்த்தாள். படிப்பதன் அர்த்தம் காதில் விழுந்ததும் திடுக்கிட்டு நிறுத்தினாள். தமிழ் அவளுக்குக் காதால் தெரியும். கண்ணால்தான் தெரியாமல் இருந்தது.

ஆனால் அவள் எழுதிய அந்த எழுத்து மாற்றும் நிரலில் ல, ள, ழ எல்லாம் ஒன்றுதான். கதாநாயகி தினமும் காலையில் பல்லிக்குப் போனாள். ரசத்தில் புலி போட்டாள். என்னிடம் கேட்க அவளுக்கு வெட்கம். அவளாகவே மஞ்சக்குட்டைக்கு வீடியோவில் கூப்பிட்டாள்.

"பெரியம்மா, அவ பஸ் ஸ்டாண்டுக்கு வலி கேட்டா. எதுக்கு?"

அக்கா ஒரு கணம் விழித்தாள். பிறகு, "எங்கூர்ல சரிதான் சாமி. இருவது கொண்டை ஊசி வளைவு. வலிதான்" என்றாள். பின்னால் மாமா சிரிக்கிற சத்தம் கேட்டது. லீனாவுக்கு வழி எது, வலி எது என்று விளங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. அதற்குள் மூன்று பேரும் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டார்கள்.

இப்போது ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு அவள் அறையில் இது நடக்கிறது. அவள் வாசிக்கிறாள், அங்கே இருவர் திருத்துகிறார்கள். போன வாரம் நான் தோசையை வார்த்துக் கல்லில் விட்டுவிட்டு, கதை எதுவரை வந்திருக்கிறது என்று அவள் அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்து, ஒரு உச்சரிப்பைத் திருத்தினேன். இன்னொன்றையும் திருத்தினேன்.

லீனா திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, நீங்க நொம்ப சத்தம் போடறீங்க" என்றாள். "நாங்க படிக்கறமல்ல?"

'அல்ல' என்று அவள் இழுத்த இழுப்பு மஞ்சக்குட்டை இழுப்பு. நான் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பினேன். தோசை தீய்ந்திருந்தது. அதையும் தின்றேன்.